நான்காம் அடுப்பு

கெமியார்வியில் நவம்பர் பிறந்தால்
மதியம் இரண்டு மணிக்கே விளக்கைப் போட்டுவிடுவோம்.
ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.
ஒரே அறைக்குள் ஐந்து சமையலறைகள்.
ஐந்து அடுப்பு, ஐந்து தொட்டி,
தொட்டிக்கு மேலே அடித்தட்டில்லாத அலமாரி.
கழுவிய தட்டை நிறுத்தி வைத்தால்
தானே சொட்டிச் சொட்டிக் காயும்.
வெளியூர்க்காரர்கள் எங்களிடம் வியப்பது
அது ஒன்றைத்தான்.

இன்று மீன் சூப்.
சால்மன் கையைக் கடிப்பதால் ஏரி மீன்.
சாயிமி சதகுப்பை இலையைக்
கத்தரிக்கோலால் வெட்டுகிறாள்.
உர்ஹோ பாலைப் பொங்கவிட்டு
அடுப்போடு கோபித்துக்கொள்கிறான்.
நான்காம் அடுப்பில் வெய்க்கா.
அவன் சீவிப் போட்ட உருளைக்கிழங்குத் தோலை எடுத்துப் பிடித்தால்
அந்தப் பக்கம் குழல்விளக்கு தெரிகிறது.

சூப் கொதிக்கும்வரை
வரவுசெலவுத் தாளைக் கொடுத்தேன்.
பத்து வருஷமாக அதே தாள்.
கற்பனைக் குடும்பம்: பெரியவர் இருவர்,
பிள்ளைகள் இருவர், ஒரு நாய்.
வாடகை, மின்சாரம், சாப்பாடு, பூட்ஸ், பொழுதுபோக்கு.
மாதக் கடைசியில் முந்நூறு யூரோ மிஞ்ச வேண்டும்.
மிஞ்சும்படிதான் நான் அதைத் தயாரித்திருக்கிறேன்.

சாயிமியின் குடும்பம் கிரேக்கத்துக்குக் கிளம்பிவிட்டது.
உர்ஹோவின் நாய் மாட்டிறைச்சி தின்கிறது.
வெய்க்கா
'பெரியவர் இருவர்' என்பதை அழித்து
ஒருவர் ஆக்கியிருந்தான்.
தேய்த்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.
நாய்க்கு நேரே: ஆகஸ்டில் கொடுத்துவிட்டோம்.
மின்சாரம்: நூற்று எண்பத்தேழு யூரோ, ஐம்பத்து மூன்று சென்ட்.
கற்பனையில் யாரும் சென்ட் எழுதுவதில்லை.
பொழுதுபோக்கு: காபி. அம்மா தூங்குவதில்லை.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
கோடு போட்டுப் புதிதாக ஒன்று: பாக்கி.
கூட்டல் சரி. கழித்தல் சரி.
விடை மட்டும் என் விடைத்தாளில் இல்லை.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.

மீந்ததை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.
சுகாதார விதி; லாமினேட் செய்து
நானே சுவரில் ஒட்டியது.
அதன் கீழே நின்றுகொண்டு சொன்னேன்:
"நான்காம் அடுப்புக்கு வீட்டுப்பாடம்.
சூப் ஓர் இரவு தாங்குமா என்று
பார்த்து எழுதி வர வேண்டும்."
"எங்களுக்கு இல்லையா?" என்றான் உர்ஹோ.
"உன் சூப்புக்கு இரவுவரை காத்திருக்க வேண்டாம்,
இப்போதே தெரிகிறது."
வகுப்பு சிரித்தது.
வெய்க்கா என் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்குமாம்;
முன்னாள் கணவர் கண்டுபிடித்தது.
இரண்டு லிட்டர் டப்பா. விளிம்புவரை ஊற்றினேன்.

அன்றிரவு வீட்டில்
தொட்டியருகே நின்றபடியே
காய்ந்த கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றேன்.
தட்டுகூட எடுக்கவில்லை,
சமச்சீர் உணவுக்கு வட்டம் போட்டுப்
படம் காட்டுகிறவள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
சரிதான்.
போட ஏதுமில்லாதவனிடம்
படியை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், பத்து வருஷம்.
ஸ்கேலை எடுத்துப் பழைய தாளில்
ஒரு கட்டம் சேர்த்தேன்: பாக்கி.
முந்நூறு மிஞ்ச வேண்டும் என்ற வரியை அடித்தேன்.
நாயை அடிக்க மனம் வரவில்லை.

காலையில் மேசைமேல் அறிக்கை.
ஓர் இரவு தாங்குமா: தெரியவில்லை,
ஏழரை மணிக்கே தீர்ந்துவிட்டது.
உப்பு: கொஞ்சம் குறைவு.
சோதித்தவர்கள்: மூவர்.
ஒருவர் அதன்பின் தூங்கிவிட்டார்.

பக்கத்தில் டப்பா.
மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.
ரப்பர் வளையத்தைத் தனியே கழற்றி,
பள்ளத்தைத் துடைத்து,
மறுபடி மாட்டியிருந்தான்.

அந்தப் பாடம் மார்ச் மாதம்தான் வருகிறது.