பதினெட்டு லிட்டர்

நான் நர்ஸ் இல்லை.
மூன்று நாள் பயிற்சி, ஒரு நீலச் சட்டை,
மாதத்தில் இரண்டு சனிக்கிழமை.
கிளினிக்கில் தந்த படச்சுருளை
மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு
ஊத்தான் மெலிந்தாங் தாண்டி வந்தேன்,
செம்பனை லாரிகள் குழி பறித்த சாலையில்.
இன்றைய தலைப்பு: இனிப்புநீர்.

பூப்பந்துத் திடலில் பதினொரு பெண்கள்.
சிலர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
'மருந்து தவறாம எடுத்துக்கிறீங்களா?' என்றேன்.
தேவகுமாரி சொன்னாள்:
'தினமும். பதினெட்டு லிட்டர். முதுகுல.'

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.
எனக்குப் புரிய அதைவிடக் கொஞ்சம் கூட.

சிறுநீரகப் படத்தைச் சுருட்டி வைத்தேன்.
சுண்ணாம்புக் கட்டியை நீட்டினேன்.
'தோட்டத்தை வரைங்க.'

ஆறு லைன் வந்தது. காளி கோயில் வந்தது,
உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக.
'கால்வா அந்தப் பக்கமில்லடி'
'மழைக்கு அந்தப் பக்கந்தான்'
ஸ்டோர். பம்பு கழுவுகிற குழாய்.
பிறகு உதிரிப் பழம் ஒரு வாளி கொண்டுவந்தார்கள்.
நகம் கறுத்த வீட்டுக்கு ஒன்று.
மூக்கில் ரத்தம் வந்த வீட்டுக்கு ஒன்று.
வேறெதற்கும் யாரும் கணக்குச் சொல்லவில்லை.
பாக்கியவதி எழுந்து போய்
தன் வீட்டின்மேல் இரண்டு பழங்களைச்
சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தாள்.
அவள் உட்காரும்வரை திடலில் பேச்சில்லை.
அப்புறம் லோகாம்பாள் ஒன்று வைத்தாள்.
எதிர் லைனில் இன்னொன்று.

'ரூமா சாயா மானா?'
லோம்போக்கிலிருந்து வந்த சுமார்னி,
இவர்களோடு ஒரே நிரையில் மருந்தடிப்பவள்.
ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொங்சி,
அதில் பதினாறு பேர்.
படத்தில் அந்த இடம் வெறும் சிமெண்டு.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
கட்டி தீர்ந்திருந்தது. தேவகுமாரி
ஓட்டுச் சில்லு ஒன்றைப் பொறுக்கி
சிவப்பாக ஒரு கட்டம் கீறினாள்.
சுமார்னி இரண்டு கையாலும் பழம் அள்ளினாள்.

எழுந்து நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது:
கோயில் பக்கம் தரை வெள்ளையாகவே இருக்க,
அந்த ஒரு குழாயைச் சுற்றி மட்டும்
எறும்பு மொய்த்த மாதிரி பழங்கள்.

மேனேஜரிடம் யார் போவது என்று சண்டை.
ஒருத்தி போனால் வேலை போகும்,
எல்லாரும் போனால் திங்கள் நிரை நிற்கும்.
'நிக்கட்டுமே' என்றது ஒரு குரல்.
யாருடையது என்று இன்னும் தெரியாது.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
'அழியறதுக்குள்ள எழுதிக்கம்மா' என்றார்கள்.
படச்சுருளின் முதுகில்
குப்புறப் படுத்து வரைந்தேன், பழம் பழமாக.

'சீனியப் பத்தி அடுத்த தடவ பேசலாம்'
என்று பிளாஸ்க்கைத் திறந்தாள் லோகாம்பாள்.
கட்டிப்பால் தூக்கலான கோப்பி.
உதடுவரை கொண்டுபோய்
'எந்தக் குழாய்த் தண்ணி?' என்றேன்.

பதினொரு பேரும்
தரையைப் பார்த்தார்கள்.