விலைச்சீட்டின் பின்பக்கம்

மூன்று தாள்களை வேனின் மூக்கில் விரித்து
கல் வைத்துப் போனான் லிம் செங் ஹுவாட்.

தெளிப்பான், பதினோராயிரம் வெள்ளி.
சொட்டுக்குழாய், வடிகட்டியோடு
பதினாலாயிரத்து எழுநூறு.
மூன்றாவது தாள் வெறுமை.
"அது நீங்க இப்ப செய்றது."

இப்போது செய்வது:
பின்னிரவு மூன்றரைக்கு
டீசல் பம்பை உதைத்து எழுப்பி
ஆற்றை வாய்க்காலில் ஏற்றிவிட்டு
அது எங்கள் பாகற்கொடிக்குப் போகிறதா
அடுத்த காட்டுச் செம்பனைக்குப் போகிறதா என்று
டார்ச்சடித்துத் தேடுவது.

ஒரு வாரம் அளந்தேன்
பெயிண்ட் வாளியும் கைப்பேசிக் கடிகாரமுமாக.
பத்து வாளி விட்டால்
வேருக்குச் சேர்வது நாலரை.
மிச்சம் நண்டு வளைக்கு, வெயிலுக்கு,
கோரைக்கு.
நிபோங் திபாலிலேயே
கொழுத்த கோரை எங்களுடையதுதான்.

தவசீலன் டீசல் ரசீதுகளைப்
பாயில் கொட்டிக் கூட்டினார்.
"சொட்டுன்னா முப்பது மாசத்துல
போட்ட காசு திரும்பிரும்."

குத்தகை பதினோரு மாதம்.
ஒவ்வொரு முறையும் ஜார்ஜ்டவுனில்
தவுக்கேயின் குளிரறையில்
நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாங்குவது.

வெறுந்தாளில் எழுதினேன்
முப்பது.
பதினொன்று.
லிம்மின் கடையில்
இவற்றை இணைக்கும் மூட்டு விற்பதில்லை.

பிப்ரவரியில் கிரியான் ஆறு இறங்க
கடல் மேலேறி வந்தது.
பம்ப் கக்கிய நீரை நாக்கில் வைத்தேன்.
உப்பு.
நல்ல தண்ணீர் குட்டையில் மட்டும்,
வாய்க்காலில் விட்டால் ஒன்பது நாள்
சொட்டில் பத்தொன்பது.

தாலிக்கொடி ஏற்கெனவே அடகில்தான்.
வளையல்களும் போய்ச் சேர்ந்துகொண்டன.

லிம்மிடம் சொன்னேன்
மண்ணுக்குள் எதையும் புதைக்காதே.
சுருட்டினால் ஒரே லாரியில் அடங்க வேண்டும்.

"மேல கிடந்தா வெயில்ல வெடிக்கும்
எலி கடிக்கும்
வருஷத்துக்கு நானூறு போகும் அக்கா."

போகட்டும்.
அது தண்ணீருக்கான காசில்லை.

பதினேழாம் நாள் மழை வந்தது
அவசரமில்லாத விருந்தாளியாக.

இப்போதெல்லாம் பின்னிரவில் சத்தமில்லை.
ஆனாலும் தவசீலன்
மூன்றரைக்கு எழுந்துவிடுகிறார்,
போய்க் குந்தி
ஒரே ஒரு துளி விழுவதைப் பார்த்துவிட்டு
வந்து படுக்கிறார்.

கொடிக்கொரு சாண் அகலத்தில்
ஈர வட்டம்.
அவ்வளவுதான் நாங்கள் பயிர் செய்யும் நிலம்.
வட்டங்களுக்கு நடுவே
காய்ந்து கிடப்பதெல்லாம்
தவுக்கேயினுடையது.