பதினேழாவது விதி

எலுமிச்சை மூடைகளைச் சுவரோரம் ஒதுக்கி
புளியங்குடிக் கிட்டங்கியில் பாய் விரித்தார்கள்.
பத்துப் பேர் வேண்டும் என்கிறது சட்டம்.
ஒன்பதரைப் பேர் வந்திருந்தார்கள்.
உள்ளே செல்வக்கனி இருப்பதால்
கோம்பையா நிலைப்படியில் நின்றார்.
கிணற்றுத் தண்ணீர் முறையில் தொடங்கியது,
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

நான் ஆடிட்டர் ஆபீஸ் பெண்.
நாற்பத்திரண்டு பக்கங்களோடு தென்காசியிலிருந்து பஸ் ஏறியவள்.
முதலில் கேட்ட பெயர் திரும்பி வந்துவிட்டது,
எவரோ முந்திக்கொண்டாராம்.
இரண்டாவது பெயரில் யாருக்கும் மனசில்லை.
ஆனாலும் அதுதான்.

'உறுப்பினரின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது.'
அப்படின்னா? என்றாள் பேச்சி.
கம்பெனி கடன்பட்டு விழுந்தால்
நீங்கள் போட்ட ஆயிரம் போகும்,
வீடு போகாது.
அந்த வரியை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள்.
கமிஷன் கடைக்காரன் அவள் மாட்டை
அவிழ்த்துக்கொண்டு போன கதை
பிற்பாடுதான் எனக்குத் தெரியும்.

பங்கு என்பதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.
எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று
பிறந்ததிலிருந்தே கிணற்றில் பங்குதாரர்கள்.
இடறியது பதினேழாவது விதியில்:
பங்கு எத்தனை இருந்தாலும்
ஆளுக்கு ஓர் ஓட்டு.

பன்னிரண்டு ஏக்கர் அருமைநாயகம்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இருவது சென்ட்டுக்கும் ஒண்ணுதானா?"
"ஒண்ணுதான் அண்ணாச்சி."
"இத மட்டும் மாத்தி எழுதப்பிடாதா?"
"மாத்துனா அது வேற சாதி கம்பெனி ஆயிரும்."
ரகம் என்று சொல்லியிருக்க வேண்டும்.
வாயை விட்டுப் போனபிறகுதான் தெரிந்தது.
யாரோ செருமினார்கள்.
அழுகின பழத்தின் நெடி
அப்போதுதான் மூக்கில் ஏறியது.

நிலைப்படியிலிருந்து கோம்பையா சொன்னார்:
"எட்டுல ஒரு பங்குக்காரனுக்கு
எட்டுல ஒரு வாய்தான்னு
கெணத்தடியில பாத்தாச்சி.
இங்கயாவது முழு வாயி இருக்கட்டும்."
செல்வக்கனி திரும்பிப் பார்க்கவில்லை.
பாயில் ஓராள் இடம் விட்டு
நகர்ந்து உட்கார்ந்தார்.
கோம்பையா அதில் உட்காரவில்லை.
குனிந்து கையெழுத்தை மட்டும் போட்டார்.

அருமைநாயகம் கேட்டது ஒரே ஒரு திருத்தம்:
சந்தை நாளில் கூட்டம் போடக்கூடாது.
எழுதிக்கொண்டேன்.

பிறகு ஆளாளுக்கு ஓடிபி.
பேச்சியின் ஆதாரில் இருந்த நம்பர்
திருப்பூரில் அவள் மகனிடம் இருந்தது.
ஆறு இலக்கம், பத்து நிமிடம்.
மகன் ஷிப்டில். எடுக்கவில்லை.
ஒரு ஆள் குறைந்தாலும் கம்பெனி பிறக்காது
என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.

ஏழாவது நிமிடத்தில்
பன்னிரண்டு ஏக்கர்க்காரர் தன் போனை எடுத்து
இருபது சென்ட்காரியிடம் நம்பர் கேட்டு
அவள் சொல்லச் சொல்ல
ஒவ்வொரு எண்ணாக
அழுத்திக்கொண்டிருந்தார்.