ஊதுபத்தி எந்தப் பக்கம் சாய்கிறது

சூளையில் எங்கள் கட்டடத்துக்கு மூன்று மாடி, ஒரு பொந்து.
கழிவுக் குழாய் இறங்க விட்ட இடம்,
ஆள் தோள் அகலம்.
கேஸ் கீசர் வந்த பிறகு
முதல் மாடி சம்பத்லால் சுவரைத் துளைத்து
தகரக் குழாயை அதற்குள் நீட்டினார்.
அடுத்து சபீனா. மூன்றாவது நான்.
யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.
பொந்துதானே,
மேலே வானம் இருக்கிறது, போய்விடும்.

மார்கழியில் இருபத்திரண்டு டிகிரிக்கு
காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கும் ஊர் இது.
ஜன்னலைச் சாத்தி
எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு
கொதிக்கக் கொதிக்கக் குளித்தேன்.
ஆறே முக்காலுக்குத் தலைவலி.
பஸ்ஸில் கூடவே வரும்,
பாரிமுனையில் எனக்கு முன்னால் இறங்கிவிடும்.
ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை.
“அப்போ ஆபீஸ்தான் வியாதி” என்றாள் மெர்லின்.
சிரித்தோம்.
கண் டாக்டர் கால் புள்ளி பவர் கூட்டினார்,
ஃப்ரேமோடு மூவாயிரத்து எண்ணூறு.

சிலிண்டர் கசிந்தால் நாறும்.
நாறட்டும் என்றே எதையோ கலந்து அனுப்புகிறார்கள்.
எரிந்து முடித்து வருவதற்கு
யாரும் நாற்றம் சேர்ப்பதில்லை.
அது
சோப்பு வாசனைக்குள் நின்றுகொண்டு
நம்மோடு சேர்ந்து குளிக்கும்.

பொங்கலுக்கு முந்தின வாரம்
சபீனாவின் பையன் அஃப்னான் குளியலறையில் விழுந்தான்.
தாழ்ப்பாளை உடைத்தோம்.
சோப்பை மிதித்திருப்பான் என்றார் சம்பத்லால்.
மிதித்திருப்பான் என்றேன் நானும்.
பால்கனிக் காற்றில் கிடத்தியதும்
கண்ணைத் திறந்து
இன்னைக்கு ஸ்கூல் லீவா என்று கேட்டான்.

இக்னேஷியஸ் வந்தது அதற்காக அல்ல,
என் கீசருக்குப் பேட்டரி மாற்ற.
குழாய் போகும் திசையைக் கண்ணால் பின்தொடர்ந்தவர்
கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.
சிலிண்டரை மூடினார்.
“ஒரு ஊதுபத்தி குடுங்க மேடம்.”
குழாயின் வாயருகே பிடித்தார்.
புகை உள்ளே ஏறியிருக்க வேண்டும்.
என் பக்கம் சாய்ந்தது.
ஃபேனை அணைத்தார்: தயங்கி, தடுமாறி நின்றது.
போட்டார்: மறுபடி என் முகத்துக்கு.
கீழே பக்கெட் நிறையும் சத்தம்.
“அவரு குளிக்கிறாரு.
உங்க ஃபேன் குடிக்குது.”

ஞாயிறு நான் பதினோரு மணிக்கு எழுந்து
ஜன்னலைத் திறந்துபோட்டு
பச்சைத் தண்ணீரில் குளிப்பவள்.
அதை எந்த டாக்டரும் கேட்கவில்லை.

மொட்டைமாடிக்கு ஏறினோம்.
பொந்தின் வாயை மூடி ஒரு ஃப்ளெக்ஸ்,
நாலு மூலைக்கும் செங்கல், குறுக்கே நைலான் கயிறு.
யார் வீட்டுப் பெண்ணோ,
மஞ்சள் நீராட்டு விழா,
தேதி வெளுத்துப் போய்
அவள் மட்டும் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி.
கயிற்றை அறுத்ததும்
ஒரு வெதுவெதுப்பு
எங்கள் மோவாயைத் தொட்டுவிட்டு மேலே போனது.

“தொறந்தா மட்டும் போதாதும்மா.
இது புகைப்போக்கியே இல்ல.
மூணு வீடு ஒரே மூக்குல மூச்சு விட முடியுமா?
கீசரைக் குளியல் ரூமுக்கு வெளிய எடுங்க,
அவங்கவங்க குழாய்
அவங்கவங்க வெளிச்சுவரு வழியா.
அதுவரைக்கும் அடுப்புல வெந்நி.”

சம்பத்லால் செலவைக் கேட்டார்.
இரண்டு நாள் லிஃப்டில் முகம் கொடுக்கவில்லை.
மூன்றாம் நாள்
கொத்தனாரை முதலில் கூட்டி வந்தவர் அவர்தான்.
பொந்துக்குள் இப்போது மூன்று சிமெண்ட் வட்டங்கள்,
இன்னும் ஈரம் காயவில்லை.

நேற்று சபீனா ஒரு டப்பா பிரியாணி கொடுத்தனுப்பினாள்,
மெக்கானிக்கை அழைத்து வந்ததற்காக.
மூடியில் அஃப்னான் பேனாவால் ஒரு கப்பல் வரைந்திருந்தான்.

போன புயலில்
என் குளியலறைக்குள் மழை சொட்டியது.
வாட்ச்மேனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து
அந்த ஃப்ளெக்ஸைக் கட்டச் சொன்னது நான்.

டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.
வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்கள்.
எதைப் போட்டுக் கொடுப்பது.