நூற்றுப் பதினேழு

மொத்தம் பதினான்கு பேர் வேலை செய்தோம்.
கூலி வாங்கியது நானும் எத்திராஜ் மேஸ்திரியும் மட்டும்.
மற்றவர்கள் தன்னார்வலர்கள்.
முதல் வாரம் அதை
ஏதோ சாதிப் பெயர் என்றுதான் நினைத்தேன்.

புனேயிலிருந்து தன்மய். ஆம்பூர் ரெஹானா.
தூக்குவதற்கு முன்னால்
கல்லோடு படமெடுத்துக்கொள்ளும் இரட்டையர் இருவர்.
லீவு போட்டு, ரயிலுக்குக் காசு கொடுத்து வந்து
சித்திரை வெயிலில் கல் சுமந்தார்கள்.
"உங்களுக்கு இன்னா கொறை?" என்று கேட்டேன்.
ரெஹானா சிரித்தாள்.
தன்மய்க்கு அதை அவள் இந்தியில் சொல்லவில்லை.

அமிர்தி சாலையில், ஓடைக்கு இந்தப் பக்கம்,
கூரை போன கல்கட்டடம்.
அவர்கள் காகிதத்தில் சுங்கச்சாவடி.
எங்களுக்கு மொட்டைக் கச்சேரி.
உள்ளே சீட்டாடுவார்கள், ஆடு குட்டி போடும்,
போலீசுக்குப் பயந்து ஒருமுறை
என் வீட்டுக்காரர் சம்பங்கி
இரண்டு ராத்திரி அங்கே படுத்திருந்தார்.
இனி ஒரு ராத்திரிக்கு நாலாயிரம்.

விழுந்து கிடந்த ஒவ்வொரு கல்லுக்கும்
வெள்ளைப் பெயிண்டில் நம்பர்.
பழைய போட்டோ ஒன்றைப் பெரிதாக்கிப்
பலகையில் ஒட்டிக் கோடு கிழித்திருந்தார்கள்,
எந்தக் கல் எந்த இடம் என்று.
எங்கள் தெருவில் ரேஷன் கார்டு இல்லாத வீடு உண்டு;
அங்கே நம்பர் இல்லாத கல் இல்லை.
நூற்றுப் பதினேழுக்கு மட்டும் கல் கிடைக்கவில்லை.
ஜன்னலுக்குக் கீழே, இரண்டு முழ நீளம்,
மூலையில் உளி பிசகிய
பிறை மாதிரி ஒரு குழி.

அந்தக் குழியில்தான் நான் சோப்பு வைப்பேன்.

பத்து நாள் வாயைத் திறக்கவில்லை.
மலையிலிருந்து வந்த கடுக்காயை இடித்தேன்,
வெல்லம் கரைத்தேன்.
சுண்ணாம்புத் தொட்டியைச் சுற்றி எறும்புச் சாரை;
இரட்டையர் அதையும் படமெடுத்தார்கள்.
"எடுத்துப் போனவர்களைக் குற்றம் சொல்லவில்லை" என்று
சாயங்காலக் கூட்டத்தில் தன்மய் பேசினான்.
அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது ரெஹானா
என் கால்விரலையே பார்த்தாள்.
தண்ணீர் குடிக்க ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவள்.

குற்றம் என்ன குற்றம்.
மாமனார் வண்டியில் ஏற்றியபோது
அது யாருடைய கல்லும் இல்லை.
இருபத்திரண்டு வருஷம் அதன்மேல் அடித்திருக்கிறேன்
பள்ளிக்கூடச் சீருடை,
தோல் கம்பெனி வாடை போகாத சட்டை,
தீட்டுத் துணி,
ஒருதரம், வெறும் கையால்,
மச்சினன்மேல் இருந்த கோபத்தை.

பதினோராம் நாள் பேரம் பேசினேன்.
புதுக் கல் ஒன்று இறக்கித் தரணும்,
அடியில் சிமெண்டு போட்டுத் தரணும்,
முந்நூறு ரூபாய் தனி.
"முந்நூறு எதுக்கு?" என்றார் மேஸ்திரி.
இத்தனை நாள் பத்திரமாய் வைத்திருந்ததுக்கு வாடகை.

மூங்கிலில் கட்டி நாலு பேர்
சாமி தூக்குகிற மாதிரி தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள்.
வைக்கிற நேரத்தில் சண்டை.
போட்டோவில் இருக்கும் முகம் தேய்ந்து வழவழத்திருக்கிறது.
பின்பக்கம் கொத்தியது கொத்தியபடி,
போட்டோவில் இருப்பது போலவே.
எது வெளியே?
உண்மையான முகமா, உண்மை போலிருக்கும் முகமா?
அரைமணி நேரம் இங்கிலீஷ்.
கலவை இறுகிக்கொண்டிருந்தது.
மேஸ்திரி என்னைப் பார்த்தார்.
நான் கடப்பாரையைக் கொடுத்துப் புரட்டிவிட்டேன்,
வழவழப்பு வெளியே.

போன வாரம் முதல் விருந்தாளிகள்.
இப்போது எனக்கு அங்கே பெருக்குகிற வேலை, மாதச் சம்பளம்.
ஓர் அம்மாள் ஜன்னலடியில் குனிந்து
உள்ளங்கையால் கல்லைத் தடவி,
"அந்தக் காலத்திலே எப்படித்தான் இழைச்சாங்களோ" என்றார்.
கணவர் குழியில் விரல் வைத்துச் சொன்னார்:
"இதிலே விளக்கு வெச்சிருப்பாங்க."
விளக்குமாற்றைத் தரையில் தட்டிச் சீர்செய்துகொண்டு
அடுத்த அறைக்குப் போனேன்.

வீட்டில் புதுக் கல் இன்னும் முரடு.
பாவாடையில் நூல் பிரிகிறது.
வைக்க இடமில்லாமல் சோப்பு
வழுக்கி வழுக்கி மண்ணில் விழுகிறது.
எடுத்து அலசி, மறுபடி வைக்கிறேன்.