கரிக்கணக்கு

விடியுமுன்பே ஓடையில் தண்ணீர் வற்றியிருந்தது.
காரங்காட்டில் முழங்கால் சேறு.
டேப்பின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை மரத்தைச் சுற்றிக்கொண்டு
என்னிடமே வருகிறது.

"மார்பளவு உயரத்துல பிடிங்கக்கா" என்கிறான் நிகிலன்,
கோயம்புத்தூர்ப் பையன், வெயிலில் காது தோலுரிந்தவன்.
ஒரு மீட்டர் முப்பது.
எனக்கு அது தோள்.
யார் மார்பு என்று கேட்கவில்லை.

இருபத்தொன்று புள்ளி நாலு.
பதினெட்டு.
பதினெட்டு புள்ளி – பொறு, நண்டு ஏறுது –
ஒன்பது.

தலைக்குமேல் ட்ரோன்.
மூன்று நாள் கொக்குகள் பயந்தன.
நாலாம் நாள் ஒரு பருந்து அதை அடித்துத் தள்ளியது.
நாற்பது நிமிடம் தேடினோம்.
மூச்சுவேர்களுக்கு நடுவே
சிவப்பு விளக்கை இன்னும் மினுக்கிக்கொண்டு கிடந்தது.

அது மேலிருந்து எறிகிற ஒளி
இலையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தில்
மரத்தின் உயரம் தெரிந்துவிடுமாம்.
உயரமும் சுற்றளவும் தெரிந்தால் எடை.
காய்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி கரி.
"கரியா?"
"கரிதான்க்கா. காத்துலேருந்து உறிஞ்சி
உள்ள வச்சிருக்கு."

கரி எனக்குத் தெரியும்.
தேவிபட்டினம் ரோட்டுக்கு மேற்கே
சீமைக்கருவையை வெட்டி அடுக்கி
மண் பூசி மூட்டம் போட்டுவிட்டு
ஆறு நாள் புகையையே பார்த்திருப்பார்
என் வீட்டுக்காரர் சாத்தையா.
வெள்ளைப் புகை என்றால் உள்ளே இன்னும் ஈரம்.
நீலம் என்றால் ஓட்டையை அடை.
கண் அசந்தால் விடியலில் சாம்பல்தான்.
நாலைந்து வண்டி விறகுக்கு ஒரு வண்டி கரி.
எல்லாம் மூக்கிலேயே அளப்பார்.

"இந்தக் கரிய என்ன பண்ணுவீங்க தம்பி?"
"விப்போம். மரத்த இல்ல, மரம் இங்கேயே நிக்கும்.
அது பிடிச்சு வச்சிருக்கறத மட்டும்.
எங்கயோ புகை விடற கம்பெனி வாங்கும்,
தன் கணக்குல வரவு வச்சுக்கும்."

வரவு.
எங்கள் முதலாளியின் நோட்டில்
அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும்.
பற்று மட்டும் ஐந்து பக்கம்:
முன்பணம், அரிசி, சின்னவன் கால்முறிவு,
தீபாவளி, மறுபடி அரிசி.

இங்கே கூலி நானூற்றைம்பது. குறை சொல்ல மாட்டேன்.
கண் எரியாத வேலை.

சாயங்காலம் வருகைப்பதிவுக்கு விரல் வைக்கச் சொன்னான்.
எந்திரம் எடுக்கவில்லை.
துடைத்து வைத்தேன், ஓடைநீரில் கழுவி வைத்தேன்.
ரேகையெல்லாம் மூட்டத்தில் தேய்ந்தாயிற்று.
இலைப் பச்சையை ஏழு விதமாகப் பிரிக்கத் தெரிந்த பெட்டி
என்னை யாரென்று கேட்டபடியே இருந்தது.
"சரிக்கா, கைநாட்டு வேணாம், சும்மா ஒரு கோடு போடுங்க."
இருளாயி சாத்தையா என்று
முழுசாக எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நாள் ஓதம் ஏறும்போது
ஒரு தகர வில்லை ஆணியோடு கழன்று
மூச்சுவேர்களுக்கு இடையே கிடந்து பளபளத்தது.
முந்நூற்று நாற்பத்தொன்று.
எடுத்து முந்தியில் முடிந்துகொண்டேன்.
எந்த மரம் என்று தெரியும்:
தெற்கு வளைவு, ஒருபக்கம் சாய்ந்தது,
அடியில் சிப்பி அப்பியது.
சொல்லத்தான் நினைத்தேன்.
படகு இன்ஜின் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை.
கரையேறியதும் எல்லோரும் கணக்கை மூடும் அவசரத்தில் இருந்தார்கள்.

வில்லை இன்னும் முந்தியில்தான் இருக்கிறது.
இடுப்பில் குத்தும்போது நினைப்பு வரும்.

அந்த மரம் அங்கே
எண்ணில்லாமல் நிற்கிறது.