பச்சை முக்கோணம்

இரவோடு இரவாகத் தானே இறங்கியிருக்கிறது
புதிய பதிப்பு.
காலையில் மடிக்கணினியைத் திறந்தால்
என் வீட்டு சுவிட்சையெல்லாம் யாரோ
எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டுப் போன மாதிரி.

எட்டு வருடமாய் இடது மேல் மூலையில் இருந்தது
நிரலை ஓட்டும் பச்சை முக்கோணம்.
பார்த்து அழுத்தியதே இல்லை.
கை போகும், அது இருக்கும்.
இன்று கை போன இடத்தில்
ஒரு மணி.
அழுத்தினால் ‘புதிதாக என்ன?’ என்று
என்னையே கேட்கிறது.

சொற்களை எடுத்துவிட்டார்கள்.
சாம்பல் நிறத்தில் பன்னிரண்டு குறிகள்.
ஒன்று தாழ்ப்பாள் போல,
ஒன்று முறம் போல,
ஒன்று எது போலவும் இல்லை,
தொட்டால் லேசாக நடுங்கி நின்றுவிடுகிறது.
குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருக்கிறது.
இவ்வளவு அழகில் எனக்கு வேலை ஓடவில்லை.

லண்டன்பேட்டையில் டயர் கடைக்கு மேல் என் அறை.
கீழே பஞ்சர் ஒட்டுகிறவர்
லாரியின் அடியில் படுத்தபடி
கையை மட்டும் நீட்டி ஸ்பேனரை எடுக்கிறார்.
அவர் ஸ்பேனருக்கு யாரும்
ராத்திரியில் புதுப்பிப்பு அனுப்புவதில்லை.

ஜூன் மாதம்.
காவேரிப்பட்டணம் சாலையில்
பெங்களூரா ஏற்றிய வண்டிகள்
மாங்கூழ் ஆலை வாசலிலிருந்து வளைவு வரை.
அந்த ஆலை எடைமேடைக்கு
நான் எழுதிய மென்பொருளில் ஒரு பிழை:
பத்து டன்னைத் தாண்டினால்
கடைசி இலக்கத்தை விழுங்கிவிடுகிறது.
பத்து நிமிட வேலை.
ஒன்பது மணியிலிருந்து முக்கோணம் தேடுகிறேன்.

எடைமேடை மாதப்பன் போன் செய்கிறார்.
“இன்னுமாம்மா ஆகல?
டிரைவருங்க என் சட்டையப் புடிக்கிறாங்க.”
என் பட்டனைக் காணோம் என்றேன்.
யார் எடுத்தது என்றார்.
தெரியாது, எங்கேயோ இருக்கிறார்கள்,
நல்லதுக்குத்தான் என்கிறார்கள்.

கொஞ்ச நேரம் லாரி ஹாரன் மட்டும்.
பிறகு,
“போன வருசம் சீசன் நடுவுல
என் பட்டன நீ மாத்துனியே,
நீயும் அதான சொன்ன.”

மாற்றினேன்.
கீழே இருந்த ‘எடை பதி’யை மேலே ஏற்றினேன்.
நீலத்தை வெளுப்பாக்கினேன்.
கூரான ஓரங்களை உருட்டினேன்.
முதலாளி பார்த்துவிட்டு
“ஃபாரின் மாதிரி இருக்கு” என்றார்,
அந்த ஒரு மாதம் பணம் தேதிக்கு வந்தது.
மாதப்பனிடம் யாரும் காட்டவில்லை.
நானும்.

மதியத்துக்கு மேல் கிடைத்தது முக்கோணம்,
வலது ஓரம், மூன்று புள்ளிக்குள்,
பட்டியலின் ஏழாவது வரியில், பச்சை போய்.
அதற்கும் கீழே பொடி எழுத்தில்:
பழைய தோற்றத்துக்குத் திரும்பலாம்,
அடுத்த பதிப்பு வரும்வரை.
திரும்பினேன்.
எல்லாம் இருந்த இடத்தில்,
வாடகைக்கு.

திருத்தியதைப் போட நானே ஆலைக்குப் போனேன்.
புளித்த கூழ் வாசம். செருப்பில் ஒட்டும் தரை.
மாதப்பனின் தொடுதிரையில்
‘எடை பதி’ மேல் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டு.
கீழே, பட்டன் முன்பு இருந்த இடத்தில்
இன்னொன்று, பாதி உரிந்து.
இது எதுக்கு என்றேன்.
“கை அங்கதான் போவுது.
பொட்டு தட்டுப்பட்டா ஞாபகம் வரும், மேல ஏறிடுவேன்.”
வீட்டுக்காரி அட்டையில் இன்னும் நாலு
எடுத்து வைத்திருக்கிறாராம், உரிந்தால் ஒட்ட.

அன்றிரவு
யாரும் கேட்காமலே
அவர் திரையைப் பழையபடி ஆக்கி அனுப்பினேன்.
அழுத்தமான நீலம், கூரான ஓரம்,
கீழே பட்டன்.
நன்றாகத் தூங்கினேன்.

காலை ஐந்தே முக்காலுக்குப் போன்.
“ஏம்மா, எங்க போச்சு என் பட்டன்?
இப்பத்தான கை பழகுச்சு.”

அவருக்குப் பின்னால் பதினேழு லாரி.